கோத்தகிரிக்கு குடிபோறோம், ஹஸ்கி வாங்கலாமா?

நீங்க கேட்டதை முதல்ல ஒருதரம் சொல்லிடறேன், நான் தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. கோயம்புத்தூர்லேர்ந்து கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவுல தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு எடுத்திருக்கீங்க, வீட்டுல நீங்க ரெண்டு பேரும் ஏழு வயசுப் பொண்ணும், வாரக்கடைசியில அப்பப்போ கோவைக்கு இறங்குவீங்க. அங்க ஒரே நாள்ல வெயில், மழை, பனி மூணும் வரும்னு சொல்றாங்க, அதுக்கு சைபீரியா நாயான ஹஸ்கி சரியா வருமா, இல்ல நம்ம ஊர் வேட்டை நாய் சிப்பிப்பாறையே போதுமா, ரெண்டும் இல்லன்னா வேற எதுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா அந்தக் கேள்விக்கு அடியில இன்னொரு கேள்வி இருக்கு, குளிர் ஊருக்கு குளிர் நாட்டு நாய்தானே பொருந்தும்னு. அதுக்கு என் பதில், பொருந்தாது. நீலகிரியில நாயை வாட்டறது குளிர் இல்லைங்க, ஈரம். ஈரத்துக்கு அடுத்தபடியா சிறுத்தை. இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டு நாயைத் தேடினா நீங்க தேர்ந்தெடுக்கறது கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கும்.

நான் கால்நடை மருத்துவர், பதினேழு வருஷமா இந்த மலையிலதான் பார்க்கறேன், நாய்தான் அதிகம், அப்பப்போ எருமையும் மாடும். கீழ எழுதறதுல சிலது பாடத்துல படிச்சது, அதுல சந்தேகம் கிடையாது. சிலது என் மேஜைக்கு வந்த நாய்களைப் பார்த்து எனக்குத் தோணினது, அதை அப்படின்னே சொல்லிடுவேன், அதை அளந்து யாரும் நிரூபிச்சதா எடுத்துக்க வேண்டாம். உங்க வீட்டையும் நான் பார்க்கல, அதனால கூண்டை எந்த மூலையில வைக்கணும்ங்கற மாதிரி விஷயத்தை இங்கேருந்து என்னால முடிவா சொல்ல முடியாது.

முதல்ல ஊரோட தட்பவெப்பம். நீலகிரின்னா எல்லாம் ஒரே குளிர்னு கீழ இருக்கறவங்க நினைக்கறாங்க. ஊட்டி 2240 மீட்டர் உயரம், குன்னூர் 1850 மீட்டர் கிட்ட, கூடலூர் ஆயிரம் மீட்டர் வாக்குல. ஊட்டியில தலைகுந்தா, காந்தல் மாதிரி பள்ளமான இடத்துல டிசம்பர் ஜனவரியில ராத்திரி பூஜ்ஜியத்தை தொட்டு உறைபனி விழும், புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி கிடக்கும், ஆனா அன்னிக்கே மத்தியானம் 20 டிகிரி தாண்டி வெயில் சுள்ளுன்னு அடிக்கும். உங்க பக்கம் அந்த அளவு உறைபனி வராது. உங்க பிரச்சனை மழை. கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழை கொட்டற இடம், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல பெய்ஞ்சது ஞாபகம் இருக்கலாம். குன்னூர், கோத்தகிரிக்கு அப்படி இல்ல, அங்க பெரிய மழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குல வரும். ஜூன் ஜூலையிலயும் சும்மா விடாது, கொட்டாதே தவிர மூடுபனியும் சாரலுமா நாள் கணக்கா இழுக்கும், துவைச்ச துணி நாலு நாள் ஆனாலும் காயாது. அந்தக் காயாத துணிதான் ஹஸ்கியோட முதுகுல இருக்கு, அதைத்தான் உங்களுக்கு விளக்கணும்.

ஹஸ்கி, மலமுட், செயின்ட் பெர்னார்ட் இதுக்கெல்லாம் ரெண்டு அடுக்கு முடி. மேல நீளமான கரடுமுரடான முடி, அடியில பஞ்சு மாதிரி நெருக்கமான முடி. அந்த அடிமுடிக்குள்ள சிக்கற காத்துதான் நாயைக் காப்பாத்தற கம்பளி, முடியே இல்ல, காத்து. சைபீரியாவோட குளிர் வறண்ட குளிர், பனி விழுந்தா நாய் ஒரு உதறு உதறினா போயிடும், தோல் வரைக்கும் ஈரம் இறங்காது. நம்ம மலையில பெய்யறது தண்ணியாவும் மூடுபனியாவும், அது அடிமுடிக்குள்ள இறங்கிட்டா காத்து இருந்த இடத்துல தண்ணி உக்காந்துக்கும். தண்ணி காத்தைவிட சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டைக் கடத்தும். அதாவது மைனஸ் 30 டிகிரியில சௌகரியமா தூங்கற நாய், 12 டிகிரியில தோல் வரைக்கும் நனைஞ்சு கிடந்தா நடுங்கும். அடர்த்தியான முடிங்கறதால சீக்கிரம் காயவும் செய்யாது.

ஒரு ஜூலை மாசம் ஒரு ஹஸ்கியைக் கொண்டு வந்தாங்க, ரெண்டு வயசு, வெளிய பார்க்க அவ்வளவு அழகு, கண்ணு நீலம். ‘ரெண்டு நாளா இடுப்புப் பக்கம் கடிச்சுக்கிட்டே இருக்கான் டாக்டர்’னு சொன்னாங்க. மேல்முடி தொட்டுப் பார்த்தா காய்ஞ்சுதான் இருந்தது. விரலை முடிக்கு எதிர்த்திசையில அடிவரைக்கும் விட்டேன், உள்ள சில்லுன்னு பிசுபிசுப்பு, வெளிய எடுத்தா நாலு நாள் மூட்டையில கிடந்த ஈரச் சாக்ஸ் வாசனை. முடியை வழிச்சு பார்த்தா என் உள்ளங்கை அளவுக்கு தோல் செக்கச்செவேல்னு வெந்த மாதிரி, மேல நீர் கசிஞ்சுக்கிட்டு. இதை ஹாட் ஸ்பாட்னு சொல்வோம், ஈரம் தங்கின தோல்ல கிருமி பெருகி ஒரே ராத்திரியில பரவிடும், நாய் கடிச்சு கடிச்சு இன்னும் பெருசாக்கும். அந்த வீட்டுக்காரங்க கவனிக்காம விட்டவங்க இல்ல, தினமும் துண்டால துடைச்சிருக்காங்க, ஆனா துண்டு மேல்முடியைத்தான் தொடும். அந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள அதே நாய் இன்னும் மூணு தடவை வந்துச்சு.

ஹஸ்கிக்கு இன்னொரு சங்கடமும் இருக்கு. நாய் முடி கொட்டறதை பெரும்பாலும் பகல் நேரத்தோட நீளம்தான் தீர்மானிக்குது, வடக்க கோடையில பகல் ரொம்ப நீளும், குளிர்காலத்துல சுருங்கும், நாயோட உடம்பு அதைப் பார்த்து எப்ப கழட்டணும் எப்ப வளர்க்கணும்னு கணக்கு வெச்சிருக்கும். நாம இருக்கறது பூமத்திய ரேகைக்கு கிட்ட, ஜூனுக்கும் டிசம்பருக்கும் பகல்ல வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட வராது. இங்க வளர்ற ஹஸ்கி வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா கொட்டிக்கிட்டே இருக்கறதுக்கு அதுதான் காரணம்னு நான் நினைக்கறேன், நிச்சயம்னு சொல்லமாட்டேன். இதோட நீங்க கோவைக்கு இறங்கறதையும் சேர்த்துப் பாருங்க. கோத்தகிரியிலேர்ந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஆனா ஏப்ரல் மாசம் காலையில 17 டிகிரியில வண்டி ஏறின நாய் ஒண்ணேகால் மணி நேரத்துல 37 டிகிரியில இறங்கும். நாய்க்கு உடம்பு பூரா வேர்க்காது, மூச்சிரைச்சு நாக்கு ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை இறக்கணும், அடர்ந்த முடிக்காரனுக்கு அது பத்தாது. சாதாரணமா நாயோட உடம்பு 38.3லேர்ந்து 39.2 டிகிரி, 41 தாண்டினா வெப்பத்தாக்கு, உயிருக்கே ஆபத்து. கீழ போறதுக்கு முன்னாடி மொட்டை அடிச்சு விட்டுடலாமான்னு கேட்கறவங்க நிறைய, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, ரெண்டு அடுக்கு முடியை மழிச்சா சில நாய்க்கு அது பழையபடி வளராமலே போயிடும், நடுவுல வெயில்ல தோல் வேற கருகும். தமிழ்நாடு அரசு 2024-ல வெளியிட்ட நாய் வளர்ப்புக் கொள்கையிலயும் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் மாதிரி குளிர்நாட்டு இனங்களை இங்க இனப்பெருக்கம் பண்ணக்கூடாதுன்னு பட்டியல் போட்டிருந்தாங்க, நம்ம சூட்டுக்கு அது தாங்காதுங்கறதுதான் காரணம். மலைக்கு அது பொருந்தாதேன்னு உங்களுக்குத் தோணும். ஆனா உங்க நாய் மலையிலேயே இருக்கப்போறதில்லையே.

இப்ப சிப்பிப்பாறை. எனக்கு ரொம்பப் பிடிச்ச நாய், கரிசல் காட்டுல முயல் விரட்டற அழகை நேர்ல பார்த்திருக்கேன், அதனால மனசு வலிச்சுத்தான் இதை எழுதறேன். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மூணும் வெயில் காட்டுல உருவான நாய்ங்க. ஒட்டின ஒத்தை அடுக்கு முடி, மெல்லிய தோல், தோலுக்கடியில கொழுப்பு ரொம்பக் கம்மி, விலா எலும்பு தெரியறதுதான் அதுங்களுக்கு லட்சணம். வெயில்ல சூட்டை வெளியேத்த இந்த உடம்பு எவ்வளவு உதவுதோ அவ்வளவு குளிர்ல சூட்டை இழக்கும். 10 டிகிரிக்குக் கீழ போனா வெளிய படுக்கவே முடியாது, உடம்பைச் சுருட்டி மூக்கை வாலுக்கடியில வெச்சுக்கிட்டு விடியற வரைக்கும் நடுங்கும், நடுங்கி நடுங்கியே எடை குறையும். வீட்டுக்குள்ள, கம்பளி மேல, ராத்திரி ஒரு ஸ்வெட்டரோட வளர்க்க நீங்க தயார்னா தாராளமா வளர்க்கலாம், முடி குட்டையா இருக்கறதால ஈரத்தை ஹஸ்கியைவிட நல்லா சமாளிக்கும், துடைச்சா பத்து நிமிஷத்துல காய்ஞ்சிடும். ஆனா நனைஞ்ச ஸ்வெட்டரை உடனே கழட்டிடணும், ஈர ஸ்வெட்டர் போட்டிருக்கறதுக்கு போடாமலே இருக்கலாம். ஓட இடமும் வேணும், ஓடுற இடத்துக்கு வேலியும் வேணும், முயலோ காட்டுக்கோழியோ கண்ணுல பட்டா கூப்பிட்டாலும் திரும்பாது. தோட்ட ஓரத்துல காட்டுப்பன்னிக்கு வைக்கற சுருக்குக் கம்பியில மாட்டின நாய்ங்களை நான் தைச்சிருக்கேன், எல்லாத்தையும் காப்பாத்த முடியல.

சிறுத்தையைப் பத்தி சொல்லாம எந்த நாயையும் சிபாரிசு பண்ணமாட்டேன். தேயிலைத் தோட்டம் சிறுத்தைக்கு நல்ல மறைவிடம், ஊரோரம் வர்ற சிறுத்தைக்கு நாய்தான் சுலபமான இரை. வராண்டா வரைக்கும் ஏறி வந்து தூக்கிட்டுப் போறதை உங்க ஏரியா கேமரா வீடியோவிலயே பார்த்திருப்பீங்க. பெரிய நாய் வாங்கினா சமாளிச்சுக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஜெர்மன் ஷெப்பர்டையும் தூக்கும். சங்கிலியில கட்டின நாய் சிறுத்தைக்கு பரிமாறி வெச்ச சாப்பாடு, அதால ஓடவும் முடியாது. ஆக உங்க வீட்டுல நாய் ராத்திரி எங்க படுக்கும்ங்கறதுதான் முதல்ல முடிவாகணும், எந்த இனம்ங்கறது அப்புறம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல உள்ள, காலையில நல்லா வெளிச்சம் வந்தப்புறம் வெளிய. ராத்திரி ஒண்ணுக்கு போகணும்னா நீங்க லைட்டோட கூட நிக்கணும். உள்ள படுக்கப்போற நாய்க்கு மைனஸ் 30 தாங்கற முடி எதுக்குன்னு இப்ப நீங்களே கேட்பீங்க.

வேற எதுன்னா, நான் மனசாரச் சொல்றது மலையிலேயே பிறந்த நாட்டு நாய். எஸ்டேட் லைன் வீடுகள்லயும், ஹட்டின்னு சொல்ற படுகர் கிராமங்கள்லயும் பொங்கல் சமயத்துல குட்டி போட்டிருக்கும், கேட்டா சந்தோஷமா தருவாங்க. சமவெளி நாட்டு நாயைவிட இதுங்களுக்கு முடி கொஞ்சம் அடர்த்தியா, வால் நல்லா புசுபுசுன்னு இருக்கறதை நான் கவனிச்சிருக்கேன். தலைமுறை தலைமுறையா இங்க தாங்கினதுதான் பிழைச்சு குட்டி போட்டிருக்கும்ங்கறது என் அனுமானம், யாரும் அளந்து பார்த்ததா எனக்குத் தெரியல. ஆனா அதுங்களோட காது நிமிர்ந்திருக்கும், காத்து போகும், காதுல சீழ் வர்றது குறைவு, முடி நடுத்தரம், சீக்கிரம் காயும், உடம்பும் நடுத்தரம், இதெல்லாம் கண்ணுக்கு நேரா தெரியற விஷயம். குட்டி எடுக்கும்போது தாயைப் பாருங்க, தாய் ஆளைக் கண்டு பயந்து ஒதுங்கினா அந்தக் குட்டி வேணாம், வீட்டுல சின்னப் பொண்ணு இருக்கா. தாய் கிட்ட வந்து கையை மோந்து பார்த்தா எடுங்க.

இனநாய்தான் வேணும்னா லாப்ரடார். அது நியூஃபவுண்ட்லாந்து தீவுல மீனவங்ககூட குளிர்ந்த கடல்ல வலையும் மீனும் இழுத்த நாய்ங்களோட வம்சம், குளிர்ல நனையறதுக்குன்னே வந்த முடி, குட்டையா எண்ணெய்ப் பசையோட இருக்கும், தண்ணி உள்ள இறங்க நேரமாகும். குழந்தையோட நல்லா பழகும். குறை ரெண்டு. காது தொங்கும், மழைக்காலத்துல வாரம் ரெண்டு தரம் காதைத் தூக்கி மோந்து பார்க்கணும், புளிச்ச மாவு வாசனை வந்தா காளான் தொற்று ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அடுத்தது எடை. மழைன்னா வாக்கிங் நின்னுடும், சாப்பாடு நிக்காது, குளிருக்கு கூட சாப்பிடட்டும்னு வேற போடுவாங்க. வீட்டுக்குள்ள படுக்கற நாய்க்கு குளிருக்காக கூடுதல் சோறு தேவையே இல்ல. குண்டான லாப்ரடாருக்கு எட்டு வயசுல இடுப்பு மூட்டு தேய்ஞ்சு, ஜனவரி காலையில எழுந்திருக்க முடியாம முன்னங்காலால தன்னை இழுத்துக்கிட்டு வரும், அதைப் பார்க்கறது ரொம்பக் கஷ்டம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் அடர்ந்த அடிமுடி உண்டு, இடுப்புக் கோளாறும் உண்டு, அனுபவம் இல்லாம வேண்டாம். ஸ்பிட்ஸ் வீட்டுக்குள்ள வளர்ந்தா சமாளிச்சுக்கும், தினமும் சீவணும். காக்கர் ஸ்பானியல் காதுக்காகவே வேண்டாம். பக் மூச்சுக்குத் திணறும், டாபர்மேன் சிப்பிப்பாறை கதைதான்.

பகல்ல வெளிய இருக்க கூண்டு கட்டினா, தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துல மரப்பலகை போடுங்க, சிமெண்ட் தரை ஈரத்தை இழுத்து நாய் வயித்துக்குக் குடுக்கும். வாசல் காத்து அடிக்கற திசையைப் பார்க்காம இருக்கணும். தகரக் கூரை போடறவங்க ஒண்ணை மறந்துடறாங்க, ராத்திரி தகரம் குளிர்ந்து நாயோட மூச்சுக் காத்து அதுல பட்டு தண்ணியா மாறி, மழையே இல்லாத நாள்லயும் கூண்டுக்குள்ள சொட்டும். தகரத்துக்கு அடியில பலகையோ தெர்மோகோலோ கொடுத்து மேல கொஞ்சம் காத்துப்போக்கு விட்டா நின்னுடும். சாக்கு விரிச்சா தினமும் மாத்துங்க. அப்புறம் கரி அடுப்பு. பூட்டின ரூம்ல கரி கணப்பு வெச்சுத் தூங்கி மனுஷங்களே செத்திருக்காங்க இந்த மலையில, நாய்க்கும் அதே விஷவாயுதான், நாய்க்குக் குளிருதேன்னு ரூமுக்குள்ள கரியை வெச்சுடாதீங்க.

நனைஞ்சு வந்த நாயைத் துவட்டறது ஒரு வேலையா இருக்கட்டும். முதல்ல துண்டால தேய்க்காம அழுத்தி ஒத்தி எடுங்க, அப்புறம் டிரையரை இளஞ்சூட்டுல வெச்சு முடியைப் பிரிச்சு அடியிலேர்ந்து காயவிடுங்க, விரலிடுக்கு, அக்குள், காலிடுக்கு, வாலடி இந்த நாலும் முக்கியம். விரலை அடிவரைக்கும் விட்டு சில்லுன்னு இல்லன்னாதான் காய்ஞ்சதா கணக்கு. விரலிடுக்குல அட்டை இருந்தா பிடுங்கி எறியாதீங்க, உப்பு தொட்டு வைங்க, தானா விழும். குளிர் ஊர்ல உண்ணி இருக்காதுங்கறதும் தப்பு, இங்க ஆடு மாடு மேயற எல்லா இடத்துலயும் இருக்கு, கோவைக்குப் போயிட்டு வந்தா அங்கேருந்தும் ஏறும். உண்ணிக் காய்ச்சல்ல நாய் சாப்பிடாம படுக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்குல ரத்தம் வரும், ஒண்ணுக்கு காபி கலர்ல போகும், இதுல எது பார்த்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. தோட்டத்துல மருந்து அடிக்கற நாள்ல அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க, காலை நக்கியே விஷம் ஏறும்.

குட்டி எடுக்கற நேரம் பத்தி யாரும் கேட்கறதில்ல, ஆனா எனக்கு அது இனத்தைவிடப் பெருசாப் படுது. ஜூன்லயும் நவம்பர்லயும் குட்டி கொண்டு வராதீங்க, ரெண்டு மாசக் குட்டிக்கு தன் சூட்டை தானே காக்கற சக்தி குறைவு, குட்டிக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் கொண்டு வர்ற பார்வோ கிருமி வேற குளிர்ந்த ஈர மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். பிப்ரவரி கடைசியில எடுங்க. ஆறு எட்டு வாரத்துல முதல் ஊசி, மூணு நாலு வாரம் விட்டு விட்டு அடுத்தது, மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி, மழைக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சிடும். ஊசி போடும்போது லெப்டோவும் சேர்ந்ததான்னு கேட்டு வாங்குங்க, எலி மூத்திரம் கலந்த ஈரத்துலேர்ந்து வர்ற எலிக்காய்ச்சல் அது, நாய்க்கு வந்தா உங்க பொண்ணுக்கும் வரலாம். வெறிநாய்க்கடி ஊசியை வருஷா வருஷம் விடாம போடுங்க, உங்க நாய்க்கு நோய் வந்தா அது காட்டுல செந்நாய் வரைக்கும் போகும். பிப்ரவரிக்கு இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள அந்த வீட்டுல ஒரு மழை நாள் தங்கிப் பாருங்க. சாயங்காலம் எந்த ரூம் சுவர் கைக்கு ஈரமா படலையோ, அங்கதான் நாய் படுக்கணும். அதைப் பார்த்துட்டு வீட்டோட அமைப்பை இங்க எழுதுங்க, கூண்டு எங்க வைக்கலாம்னு அப்ப சொல்றேன்.